கேட்காமல் ஒப்புக்கொள்ளாதே

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாலிபர் ஊழியர் வேலைக்கு சேகர கமிட்டி உன்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருப்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். எம். புதுப்பட்டியில் பிறந்து, பட்டாசு வேலைக்குப் போகும் வீடுகளுக்கு நடுவே வளர்ந்து, இறையியலும் படித்த பெண் நீ. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளிடமே ஊழியத்துக்குப் போகிறாய் என்பது சின்ன விஷயமல்ல.

என்ன கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் சாட்சியைக் கேட்பார்கள். ஞாயிறு பள்ளி எடுத்திருக்கிறாயா, பாட்டுச் சொல்லிக்கொடுப்பாயா, வண்டி ஓட்டுவாயா, கல்யாணம் எப்போது என்றெல்லாம் கேட்பார்கள். இதற்கெல்லாம் உன்னிடம் பதில் இருக்கிறது. நீ தயாராக வேண்டியது அதற்குப் பிறகு வரும் ஒரு நிமிடத்துக்கு. "நீங்க ஏதாவது கேட்கணுமாம்மா?" என்று சேகர குரு கேட்பார். நம் பிள்ளைகள் பலர் "ஒன்றுமில்லை ஐயா" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். நீ அப்படி வந்துவிடாதே.

அழைப்பு உள்ளவள் நிபந்தனை பேசலாமா என்று உனக்கே தோன்றும். "விசுவாசத்தோட வாங்க, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று கமிட்டியிலும் யாராவது சொல்லலாம். அப்போது நெகேமியாவை நினைத்துக்கொள். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அழுது, உபவாசித்து, ஜெபித்தவர் அவர். அவர்தான் ராஜாவுக்கு முன் நின்றபோது வழிக்குக் கடிதமும் கட்டுவதற்கு மரமும் கேட்டு வாங்கினார். எப்போது திரும்புவாய் என்று ராஜா கேட்டதற்குக் காலமும் குறித்துச் சொன்னார். எருசலேமுக்கு வந்த பிறகும், இராத்திரியில் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைப் பற்றி வாய் திறந்தார். கேட்டதால் அவருடைய விசுவாசம் குறைந்துவிடவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நேர்காணலில் நீ கேட்காமல் விட்ட கேள்விக்கு வாலிபப் பிள்ளைகள்தான் விலை கொடுப்பார்கள். எதையும் பேசாமல் சேர்ந்த ஊழியர் எட்டு மாதத்தில் மனம் கசந்து கிளம்பிவிடுவார். அவருக்கு வேறு வேலை கிடைத்துவிடும். அவரை நம்பி முதல்முறையாக வாய் திறந்து தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்ன பையன், அடுத்து வருகிறவரிடம் வாய் திறக்க மாட்டான். ஆகையால் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதுகூட உனக்காக மட்டும் கேட்பதல்ல.

நீ போகிற மண்ணிலேயே இப்படிக் கேட்டுப் பேசிக்கொள்வதற்கு முன்மாதிரி உண்டு. கேம்பிரிட்ஜில் படித்த சி.எம்.எஸ். மிஷனரி தாமஸ் ராக்லண்ட், 1854-ல் சிவகாசியையும் சாத்தூரையும் உள்ளடக்கிய வட திருநெல்வேலிக்கு வந்தார். டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இருவரோடு கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகப் போனார். 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே காலமானார். அந்த ஊழியத்தின் பெரிய பலம் தெற்கத்திச் சபைகள். அவை தங்கள் உபதேசிமாரை முறைவைத்து வடக்கே அனுப்பின, செலவையும் தாங்களே ஏற்றன. யார் அனுப்புகிறார்கள், எவ்வளவு காலத்துக்கு, படி யார் கொடுப்பது என்பதெல்லாம் பேசி வைத்த ஏற்பாடு அது. ஊழியத்தில் தெளிவாகப் பேசிக்கொள்வது நம் பகுதிக்குப் புதிதல்ல.

இனி கேள்விகளுக்கு வருகிறேன்.

முதலில் பிள்ளைகளைப் பற்றிக் கேள். "வாலிபர் சங்கத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டால் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை வரும். அதோடு விடாதே. போன மாதம் எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை பேர் கல்லூரியில் படிக்கிறார்கள், எத்தனை பேர் வெடி ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ அச்சகத்துக்கோ போகிறார்கள் என்று கேள். எந்தத் தெருப் பிள்ளைகள் வருவதில்லை என்பதையும் கேள். இதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்த வேண்டாம். நம் சபைகளில் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் தெரிந்துவிடும். "அவங்க வரமாட்டாங்கம்மா" என்று முடித்துக்கொண்டால், அவர்களை அழைக்க நீ போகலாமா, போனால் கமிட்டி உன் பின்னால் நிற்குமா என்று அடுத்ததைக் கேள்.

கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது என்பதும் முக்கியம். சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் ஊர்ப் பக்கம் வெடி ஆபீஸ் வேன் வந்து நிற்பதை நீ எத்தனையோ முறை பார்த்திருப்பாய். கையிலும் கழுத்திலும் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்க, வாரச் சம்பளக் கவரை மடியில் முடிந்துகொண்டு பெண்பிள்ளைகள் இறங்குவார்கள். காலையில் விடிந்தும் விடியாமலும் ஏறியவர்கள். அவர்கள் குளித்து, தண்ணீர் பிடித்து, கடைக்குப் போய்வந்து உட்கார எட்டு மணி ஆகிவிடும். சனிக்கிழமை ஆறு மணிக்கு வாலிபர் கூட்டம் என்று வைத்துவிட்டு, வாலிபருக்கு ஆர்வமே இல்லை என்று குறைப்படும் சபைகள் உண்டு. நேரத்தை மாற்ற உனக்கு உரிமை உண்டா என்று கேள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை நெருக்கும், தீபாவளி முடிந்ததும் ஆபீஸ்கள் சில வாரம் மூடியிருக்கும். அந்த வட்டாரத்தில் முகாம் நடத்த அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆண்டுத் திட்டத்தைத் திருமண்டலச் சுற்றறிக்கைப்படி மட்டும் போட வேண்டுமா, ஊரின் வேலைக்கு ஏற்ப மாற்றலாமா என்பதை இப்போதே தெரிந்துகொள்.

இரண்டாவது, பட்டாசைப் பற்றிய இரண்டு கேள்விகள். வேறு பல ஊர்ச் சபைகளில் இவற்றைக் கேட்கத் தேவை இருக்காது. உன் சபையில் கேட்டே ஆக வேண்டும்.

ஒன்று, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வெடிமருந்து வேலைக்குப் போனால் சபை என்ன செய்யும்? 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களை வெடிமருந்து போன்ற ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் உழைத்ததை எதிர்த்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இருந்தும், பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டுத் திண்ணையில் திரி வேலை செய்யும் பிள்ளை உன் கூட்டத்துக்கு வரலாம். வேலை கொடுத்தவரே கமிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கவும் கூடும். அந்தப் பிள்ளையைத் திரும்பப் பள்ளியில் சேர்க்க நீ முயன்றால் உன் வேலைக்கு ஆபத்து வருமா என்பதைச் சேர்ந்த பிறகு அல்ல, சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, வெடி விபத்து நடந்தால் சபையின் ஏற்பாடு என்ன? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் தீபாவளி நெருங்கும் நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி வாசலில் முதலில் வந்து நிற்பவர்கள் வாலிபர்கள்தான். ரத்தம் கொடுப்பதும், அடையாளம் காட்டத் துணைக்குப் போவதும், நிவாரண மனு எழுதிக்கொடுப்பதும் அவர்களே. அடக்க ஆராதனையோடு சபையின் கடமை முடிகிறதா, தாயை இழந்த பிள்ளையின் படிப்பை ஓராண்டாவது யாராவது பார்த்துக்கொள்கிறார்களா என்று கேள். பதில் இல்லாவிட்டால் அதற்காகக் கோபப்படாதே. "நான் வந்தால் இதை ஆரம்பிக்கலாமா?" என்று கேள். அந்தக் கேள்விக்கு அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்.

மூன்றாவது, வேலையின் எல்லை. வாலிபர் ஊழியர் என்று எடுத்துவிட்டு அறிக்கை டைப் அடிப்பது, மைக் செட் பார்ப்பது, அசன பண்டிகைக்கு ரசீதுப் புத்தகம் கொண்டுபோய் வசூலிப்பது, விடுமுறை வேதாகமப் பள்ளி, கிறிஸ்துமஸ் கேரல் எல்லாவற்றையும் தலையில் கட்டுவது நடக்கிறது. இவற்றில் எதையும் இழிவாக நினைக்காதே. ஆனால் வாரத்தில் எத்தனை நாள் வாலிபருக்கென்று இருக்கும் என்று எண்ணிக்கையாகக் கேள். உனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார், அவரோடு பேசலாமா என்றும் கேள். பேசு என்று தயக்கமில்லாமல் சொல்லும் சபை நல்ல சபை.

நான்காவது, பாதுகாப்பு. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு யாராவது பாலியல் கொடுமை செய்தது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். சபை மானம் போய்விடும் என்று உள்ளுக்குள் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. "அப்படி ஒன்று நடந்தால் நான் புகார் கொடுப்பேன், அதற்கு என்னோடு நிற்பீர்களா?" என்று சேகர குருவிடம் நேராகக் கேள். முகாமுக்குப் போகும்போது பெண்பிள்ளைகளோடு எத்தனை பெரியவர்கள் வருவார்கள், இரவு ஜெபம் முடிந்து நீ எப்படி வீடு திரும்புவாய், கடைசி பஸ் போய்விட்டால் யார் பொறுப்பு என்பதையும் கேள். உன்னிடமே ஒருவர் தவறாக நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கவும் கூச்சப்படாதே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சேகரத்தில் இல்லையென்றால் திருமண்டலத்தில் எங்கே என்று காட்டச் சொல்.

ஐந்தாவது, சம்பளமும் நியமன ஆர்டரும். இதைக் கடைசியில் கேள், ஆனால் கேட்காமல் எழாதே. மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், யார் கையெழுத்தில்? சேகர நிதியிலிருந்தா, ஒரு தனி நபரின் காணிக்கையிலிருந்தா? ஒருவரே உன் சம்பளத்தைக் கொடுத்தால், நாளைக்கு அவர் வீட்டுப் பிள்ளையைக் கண்டிக்க உனக்கு நாக்கு எழாது. பி.எஃப். உண்டா? இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் அது சட்டப்படியான உரிமை. பெட்ரோலுக்கும் போனுக்கும் தனியாக உண்டா? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு எது? ஞாயிறு உனக்கு ஓய்வு நாள் அல்ல என்பதை மறந்துவிடாதே.

இதில் நம் சபைகளுக்கே உரிய ஒரு கேள்வி உண்டு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வருகிறது, கமிட்டி மாறுகிறது, சேகர குருவும் மாறுதலாகிப் போகிறார். "இந்தக் கமிட்டி மாறினால் என் வேலை என்ன ஆகும்?" என்று கேள். உன்னை எடுத்தது ஒரு அணி என்று பெயர் விழுந்துவிட்டால், அடுத்த அணி வந்ததும் வாலிபர் கூட்டமே இரண்டாகப் பிளக்கும். ஆகையால் நியமனத்தை கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, காலம், சம்பளம், வேலை, யாருக்குக் கீழ் என்ற நான்கும் உள்ள ஆர்டராக எழுத்தில் கொடுக்கச் சொல். தேர்தலில் யாருக்கும் ஓட்டுக் கேட்கப் போக மாட்டேன் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடு. கமிட்டி இல்லாத தனிச் சபையாக இருந்தால், சபை பதிவு செய்யப்பட்டதா, கணக்கை யார் பார்க்கிறார்கள், பாஸ்டரின் முடிவு தவறென்று தோன்றினால் யாரிடம் பேசலாம் என்று கேட்டால் போதும்.

கடைசியாக, உன்னை எந்த இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்று கேள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, இருபது வயதைத் தாண்டியதும் 1895-ல் ஒய்.எம்.சி.ஏ.யின் ஊழியரானார். நம் மண்ணின் வாலிபர் ஊழியர்களுக்கு மூத்தவர் அவர். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறக்க முன்னின்றவர், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில் பேசியபோது, வெளிநாட்டு மிஷனரிகள் இந்திய ஊழியர்களை நண்பர்களாக நடத்தவில்லை என்பதை மறைக்காமல் எடுத்துச் சொல்லி, அந்த நட்பைக் கேட்டார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அதைக் கேட்டது ஊழியத்தின் நன்மைக்கே. நீயும் கேட்கலாம்: வாலிபர் காரியம் பேசும்போது கமிட்டியில் எனக்கு இடம் உண்டா, வாலிபர் நிதியைச் செலவிட வாலிபருக்கே பேச்சு உண்டா, மாதம் ஒருமுறை சேகர குரு என்னோடு உட்கார்ந்து ஜெபித்துப் பேசுவாரா?

எல்லாக் கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டுவிடாதே. ஐந்தாறை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. பணிவாகக் கேள், பதிலை அவர்கள் எதிரிலேயே குறித்துக்கொள். எல்லாவற்றுக்கும் "பிரச்சனையே இல்லை" என்று சொல்லும் சபையைவிட, "இதை நாங்கள் யோசித்ததில்லை, சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்லும் சபையை நம்பு. பணம் குறைவாக இருப்பதால் மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே, சின்னச் சபைகளில் உண்மையாகவே இருக்காது. ஆனால் கேட்டதற்காகவே உன்மேல் கோபப்படும் இடத்துக்குப் போகாதே. இன்று உன் கேள்வியைப் பொறுக்காதவர்கள் நாளை ஒரு பதினாறு வயதுப் பையனின் கேள்வியையும் பொறுக்க மாட்டார்கள்.

உடனே பதில் கேட்டால் மூன்று நாள் தவணை கேள். வீட்டில் பேசு, ஜெபம் பண்ணு, முடிந்தால் அந்தச் சபையின் ஞாயிறு ஆராதனைக்கு ஒருமுறை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார். ஒப்புக்கொள்வதாக முடிவு செய்தால் அவர்கள் கேட்காவிட்டாலும் நீயே ஒரு வாக்கைக் கொடு: குறைந்தது மூன்று வருடம் இருப்பேன், இடையில் போக நேர்ந்தால் அடுத்தவரிடம் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன். அந்த வாக்கைக் கொடுக்கத் தயாராக இருப்பவளுக்கு மேலே சொன்ன அத்தனையையும் கேட்கும் உரிமை இருக்கிறது.

அன்புடன்,
உன் அக்கா