முனியாண்டியின் அப்பா யார்?

குடும்பப் பெயர் வழங்கும் நாடுகளில் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு பல தலைமுறை பின்னோக்கிப் போகலாம். நம் வழக்கம் வேறு. ‘முருகன் ஏ/எல் முனியாண்டி’ என்ற பெயர் ஒரு தலைமுறையைத்தான் காட்டும். அடுத்த படிக்கு முனியாண்டியின் பிறப்புப் பத்திரம் வேண்டும். அவர் கிள்ளானில் பிறந்திருந்தால் தேசியப் பதிவிலாகாவில் கேட்டுப் பார்க்கலாம். ‘ரஜூலா’ போன்ற கப்பலில் வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் (1972 முதல் போர்ட் கிள்ளான்) இறங்கியவரானால்?

வீட்டிலுள்ள பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தேடுங்கள். பலவற்றில் சொந்த ஊரும் தாத்தா பெயரும் இருக்கும். பாட்டியிடமும் கேளுங்கள், இந்த வாரமே.

பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. முனியாண்டிகள் ஏராளம்; ஒரே முனியாண்டியின் பெயரையும் குமாஸ்தாக்கள் ஆங்கிலத்தில் வெவ்வேறு விதமாக எழுதியிருப்பார்கள். ஊர், வயது, மனைவி பெயர் ஆகியவற்றையும் ஒப்பிடுங்கள். இவற்றில் ஒன்று இடித்தாலும், அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதிக் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.