ஒரே ஹாலில் வகுப்பும் விசேஷமும்

கேள்வி: காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையோரம் மாடிக் கட்டடம் கட்டுகிறோம். மாடி ஹாலை முகூர்த்த நாளில் விசேஷங்களுக்கும், மற்ற நாளில் இரண்டாகப் பிரித்து டியூஷனுக்கும் தையல் வகுப்புக்கும் விட ஆசை. நகரும் தடுப்புச் சுவர் சரிப்படுமா?
– வாசகர், பெருநகர்

பதில்: தாராளமாகச் சரிப்படும். நமக்கு இது புதிதும் அல்ல. பழைய கடைவீதிகளில் எண் போட்ட பலகைகளைக் காடியில் வரிசையாகச் செருகித்தானே கடையை அடைத்தார்கள்!

ஆனால் முடிவை இப்போதே எடுங்கள். ஒலி தடுக்கும் பலகைகள் சதுர மீட்டருக்கு சுமார் 40 கிலோ இருக்கும். 20 அடி அகலம், 10 அடி உயரத் தடுப்பு என்றால் முக்கால் டன்! அத்தனையும் மேலே உள்ள தண்டவாளத்தில்தான் தொங்கும். மடக்கினால் ஒரே ஓரத்தில் சேரும். அதைத் தாங்கும் பீமைப் பொறியாளர் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் போடுவதானால், அதற்கு மேலுள்ள இடைவெளியையும் தடுப்புக்கு நேராக அடையுங்கள்; இல்லையேல் தையல் மெஷின் சத்தம் டியூஷன் பிள்ளைகளின் காதில் விழும். பலகைகளுக்கு அடியில் ரப்பர் சீல் அவசியம். தரை மட்டம் பிசகினால் அது பயன்படாது.

இரண்டு பகுதிக்கும் தனித்தனி வாசல், சுவிட்ச், மின்விசிறி வையுங்கள். பிள்ளைகள் கூடும் இடத்தில் வெளியேறும் வழியில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது.