பக்கவாதம்: முதல்ல மணியைப் பாருங்க

செமஸ்டர் லீவுக்குத் தூத்துக்குடி வந்திருக்கீங்கன்னு வச்சுக்குங்க. திரேஸ்புரம் கரையிலிருந்து வீடு திரும்பிய தாத்தா கையிலிருந்து டம்ளர் நழுவுது. பேச்சு குழறுது. "ஒண்ணுமில்லய்யா, செத்த நேரம் படுத்தா சரியாயிரும்"னு சொல்றார். படுக்க விடாதீங்க. முதல்ல மணியைப் பாருங்க.

என்ன நடக்குது?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ வருவதுதான் பக்கவாதம். பெரும்பாலும் அடைப்புதான். பைப்லைன் அடைச்சா நாளைக்குச் சரி பண்ணலாம், மூளை காத்திருக்காது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முகம்: சிரிக்கச் சொல்லுங்க. வாய் ஒரு பக்கம் கோணுதா?
கை: ரெண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்க. ஒண்ணு தானா இறங்குதா?
பேச்சு: ஊர் பேரைச் சொல்லச் சொல்லுங்க. குழறுதா?
நேரம்: இதில் ஒண்ணு இருந்தாலே மணியைக் குறிச்சுக்கிட்டு 108-ஐ அழைங்க.

திடீர்னு பார்வை மங்குவதும் நடை தள்ளாடுவதும்கூட அறிகுறிதான். பத்து நிமிஷத்துல சரியாயிட்டாலும் போகணும். அது பெரிய அடைப்புக்கு முன்னெச்சரிக்கை. கடலில் படகில் இருக்கும்போது வந்தால் கடலோரக் காவல்படை எண் 1554.

ஏன் மணி?

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போடணும். இந்தக் கணக்கு நீங்க பார்த்த நேரத்திலிருந்து இல்லை, அவர் கடைசியா நல்லா இருந்த நேரத்திலிருந்து. ராத்திரி 10 மணிக்கு நல்லாப் படுத்தவர் காலை 6 மணிக்கு வாய் கோணி எழுந்தால், டாக்டரிடம் 10 மணின்னுதான் சொல்லணும். நேரம் தாண்டிடுச்சேன்னு வீட்டிலேயே இருந்துடாதீங்க. ஸ்கேனைப் பார்த்து, சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட கட்டியை வெளியே எடுக்க முடியும்.

செய்யக் கூடாதவை

தண்ணி, காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீங்க. விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகலாம். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, கசிவான்னு சி.டி. ஸ்கேன்தான் சொல்லும், கசிவுன்னா ஆஸ்பிரின் ஆபத்து. விரல் நுனியில் ஊசி குத்தச் சொல்லும் வாட்ஸ்அப் ஃபார்வேர்டும், புறா ரத்தம் தேய்ப்பதும் நேரத்தைத்தான் தின்னும்.

வீட்டுக்கு வந்த பிறகு

படுக்கையிலேயே இருப்பவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைங்க; படுக்கைப்புண் வராது. விளங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீங்க, தோள்மூட்டு விலகிடும். பேச்சு வராவிட்டாலும் அவருக்குப் புரியலாம். அவர் முன்னாடியே அவரைப் பாரமாப் பேசாதீங்க. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருது. கேட்டு வாங்குங்க.

பக்கவாதத்துக்கு முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம். நம்ம ஊர் உப்பும் கருவாடும் ருசிதான். ஆனா ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள் நிக்கணும். இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பேசும்போது ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "தாத்தா, பிபி மாத்திரை போட்டீங்களா?"