வெள்ளிப் பண்டங்களும் பொய் முத்திரைகளும்

பழைய வெள்ளிப் பண்டம் ஒன்று கைக்கு வந்தவுடன் அதனைக் கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைத் தேடுதல் நம்மவருள் அநேகரின் வழக்கம். முத்திரை உளதாயின் உயர்ந்ததென்றும், இலதாயின் தாழ்ந்ததென்றும் உடனே முடிவு செய்துவிடுகின்றோம். முத்திரையோ ஒரு சாட்சி மாத்திரமே. சாட்சியை நன்கு விசாரித்த பின்னரே தீர்ப்புக் கூறல் முறையாகும். அவ்விசாரணையைச் செய்யும் வகையினை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

தெல்லிப்பழையிலும் அயற்கிராமங்களிலும் இருவகை வெள்ளி வழங்கி வந்தது. நம்மூர்ப் பத்தர்கள் ஆக்கிய வெற்றிலைத் தட்டம், சந்தனக் கும்பா, பன்னீர்ச் செம்பு முதலியன ஒருவகை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்த்து மீண்டோர் கொணர்ந்த கரண்டிகளும் தேநீர்ப் பாத்திரங்களும் மற்றொரு வகை. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தபோது இத்தகைய முதுசொம் பல சிதறின. இன்று பிறநாடுகளில் வாழும் நம்மவர் சிலர் மூதாதையர் நினைவாகப் பழைய வெள்ளியைத் தேடி வாங்குகின்றனர். விருப்பம் மிகுந்த இடத்திற் போலியும் மிகுதல் இயல்பு.

ஆங்கில நாட்டு வெள்ளியில் ஒரு முத்திரை அன்று, முத்திரை வரிசையே காணப்படும். செய்தோன் குறி 1363 முதலும், ஆண்டைக் காட்டும் எழுத்து 1478 முதலும், நடக்கும் சிங்கம் 1544 முதலும் வழங்கலாயின. ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி என்பதற்குச் சிங்கமே அடையாளம். தீர்வை செலுத்தியதைக் காட்டும் அரசர் தலை 1784 முதல் 1890 வரை மாத்திரம் பொறிக்கப்பட்டது. ஆகவே, 1784க்கு முந்திய ஆண்டெழுத்தும் அரசர் தலையும் ஒருங்கே நிற்குமாயின், அவ்வரிசை தன் பொய்யைத் தானே சொல்லிவிடுகின்றது.

இனி, கண்ணாற் காணும் சோதனைகளைக் கூறுவாம். அவற்றுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் பொறுமையும் போதும்.

முதலாவது, வார்ப்பு. மெய்யான முத்திரை எஃகு அச்சினால் அடிக்கப்படுவது. அதன் ஓரங்கள் தெளிவாகவும் குழியின் தளம் வழுவழுப்பாகவும் இருக்கும். மெய்ப் பண்டத்திலிருந்து அச்செடுத்து வார்த்த போலியிலோ, ஓரம் மழுங்கி, குழியினுள் ஊசித்துளை போன்ற புள்ளிகள் தோன்றும். ஆறு கரண்டிகள் இருப்பின் அவற்றை ஒப்பிடுக. கையால் அடித்த முத்திரைகள் ஒன்றற்கொன்று சிறிதேனும் இடம் விலகும். ஆறிலும் ஒரே இடம், ஒரே சாய்வு, ஒரே கீறல் எனின், அவை ஒரே தாயின் வார்ப்புக்கள் எனத் துணியலாம்.

இரண்டாவது, ஒட்டு. சிறிய பழம் பண்டத்தின் மெய் முத்திரையை வெட்டியெடுத்துப் பெரிய புதுப் பண்டத்திற் பற்றாசு வைத்துப் பொருத்துதல் உண்டு. முத்திரை மெய், பண்டம் பொய்! அவ்விடத்தில் வாயால் மெல்ல ஊதுக. படியும் ஆவியிற் பற்றாசு ஓடிய விளிம்பு பெரும்பாலும் கோடாய்த் தோன்றும்.

மூன்றாவது, தேய்வு. கையும் துணியும் பல்லாண்டு பட்ட இடத்திற் பூவேலையும் முத்திரையும் ஒருசேரத் தேய்ந்திருத்தல் வேண்டும். பூவேலை தேய்ந்து முத்திரை மாத்திரம் நேற்றுப் பிறந்தது போன்று கூர்மையாய் நிற்பின் ஐயுறுக.

நான்காவது, முலாம். 1840இல் பேர்மிங்காம் எல்கிங்டன் கம்பனியார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னர், வெள்ளி முத்திரையை ஒத்த சிறு சதுரக் குறிகள் முலாம் பண்டங்களிலும் இடம்பெற்றன. ஈ.பீ.என்.எஸ். என்ற எழுத்துக்கள் நிக்கல் கலந்த உலோகத்தின்மீது பூசிய முலாமைக் குறிப்பன. அது வஞ்சகமன்று, படிக்கத் தெரியாதவரே ஏமாறுவர்.

பிரித்தானியர் ஆட்சியில் இந்தியாவில் இங்கிலாந்திற் போன்ற அரச சோதனை முத்திரை முறை இருந்ததில்லை. 1849இல் சென்னையில் தொடங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள் தம் பெயரைத் தாமே பொறித்தன. தெய்வ உருவங்கள் பொலியும் அவர்தம் பண்டங்கள் இன்று பெருவிலை பெறுகின்றன. பெயரே விலையை உயர்த்துமாயின், பெயரில்லாப் பண்டத்தில் அதனைப் பின்னர்ப் பொறிக்கும் ஆசையும் எழுமன்றோ? ஆதலின் பெயரை விடுத்து வேலையை நோக்குக.

நம்மூர்ப் பண்டங்களுக்கு இது மிகவும் பொருந்தும். வீட்டார் கொடுத்த உருபா நாணயங்களை உருக்கிப் பத்தர்கள் பண்டம் செய்தல் பண்டை வழக்கம். 1835 முதல் 1940 வரை வழங்கிய இந்திய உருபாவிற் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அங்ஙனம் செய்த தட்டத்தில் எவர் பெயரும் இல்லாதிருக்கலாம். ஆயினும் அது நல்ல வெள்ளியே. முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்தால் இத்தகையவற்றைப் பழவெள்ளியாக நிறுத்து உருக்கக் கொடுத்தல், போலியை விலைகொடுத்து வாங்குதலினும் பெரிய இழப்பாகும். போலியால் இழப்பது பணம். இதனால் இழப்பது நம் கைவினையின் சான்று.

ஐயம் நீங்காவிடத்து, அமிலம் இட்டு முத்திரையைக் கெடுத்தல் கூடாது. எக்ஸ் கதிர்க் கருவியால் ஊறின்றி மாற்று அறியலாம். பழைய வெள்ளியிற் பொன், ஈயம் ஆகியவற்றின் சுவடு பெரும்பாலும் இருக்கும். மிகத் தூய கலவை பிற்கால ஆக்கத்தைச் சுட்டும்.

அன்பர்களே! உங்கள் வீட்டிற் பழம் பண்டம் எஞ்சியிருப்பின், அதனை விற்குமுன் நிறுத்து, அளந்து, படமெடுத்து, யார் வழி வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். எந்த அச்சாலும் எளிதிற் பொய்யாக்க முடியாத முத்திரை அதுவே.