பிள்ளைகளின் பல்லில் கறை ஏன்?

நம் சங்கத்து அன்பர்கள் பிள்ளைகளை என்னிடம் பல் காட்ட அழைத்து வரும்போது அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு. "டாக்டர், இவன் ஒழுங்காகப் பல்லே தேய்ப்பதில்லை. முன்பல் எப்படிப் பழுப்பேறிக் கிடக்கிறது, பாருங்கள்!" என்பார்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். வாயைத் திறந்து பார்த்தால், பல சமயம் அதன்மேல் எந்தக் குற்றமும் இருக்காது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை அது. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த நாளிலேயே ஏற்பட்டுவிட்ட குறை.

பல்லும் தாடையும் வளரும்போது உண்டாகும் குறைகள் பல வகைப்படும். சிலருக்கு ஒரு பல் முளைக்காமலே போய்விடும். சிலருக்குக் கூடுதலாக ஒன்று முளைக்கும். சிலருக்குத் தாடை சிறுத்து, பற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். இவற்றில் பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை. நாம் தடுக்கக்கூடியது குறைவு. ஆனால் முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடிய ஒரு குறை உண்டு. அது குடிதண்ணீரில் உள்ள ஃபுளோரைடு மிகுவதால் பல்லின் எனாமலில் வருவது. ஃபுளோரோசிஸ் என்பது அதன் பெயர். ஹைதராபாத்தில் வாழும் நாம் அதைப் பற்றித் தெரிந்துகொள்வது மிக அவசியம்.

எனாமல் ஒரே முறைதான்

எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். பல்லின் மேல்பூச்சான எனாமலுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அதை உண்டாக்கும் செல்கள், பல் ஈறைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. அதற்குப்பின் புது எனாமல் வளராது.

நிரந்தரப் பற்களில் முதல் கடைவாய்ப் பற்களின் எனாமல் குழந்தை பிறக்கும் சமயத்திலேயே உருவாகத் தொடங்குகிறது. மேல் முன்பற்கள் சில மாதங்களில் தொடங்குகின்றன. ஞானப்பல்லைத் தவிர மற்ற எல்லாப் பற்களின் எனாமலும் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் முடிந்துவிடும். அந்தச் செல்கள் முதலில் ஒரு புரதச் சட்டத்தை அமைக்கின்றன. பிறகு புரதத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தை நெருக்கமாக அடைக்கின்றன. ஃபுளோரைடு மிகுந்தால் புரதம் சரிவர நீங்குவதில்லை. எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. அதனால் பல் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறித் தெரியும். முளைத்த பிறகு அந்தத் துளைகளில் சாயம் ஏறி மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். கடுமையான நிலையில் எனாமல் பொரிந்து குழி விழும்.

மேல் முன்பற்களுக்கு மிக ஆபத்தான காலம் இரண்டாவது, மூன்றாவது வயதுதான். பல் முளைப்பதோ ஏழு வயதில். தண்ணீர் கெடுதல் செய்வது ஒரு காலம், பெற்றோர் கண்ணில் படுவது வேறொரு காலம். இடையில் குடும்பம் ஊர் மாறியிருந்தால் காரணம் யாருக்கும் புலப்படாது. நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் இந்தக் குழப்பம் அதிகம். தர்மபுரியில் மூன்று வயதுவரை வளர்ந்த பெண்ணுக்கு இங்கே ஏழு வயதில் கறைப்பல் முளைத்தால், "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறோம். உண்மையில் அது பழைய ஊர்த் தண்ணீரின் கணக்கு.

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-இல் போன ஃபிரெடரிக் மக்கே என்னும் பல் மருத்துவர் இதையேதான் கவனித்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கறை இருந்தது. பெரியவர்களான பிறகு வந்து குடியேறியவர்களுக்கு இல்லை. தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் சந்தேகித்தார். அது ஃபுளோரைடு என்று சர்ச்சில் என்ற ரசாயன நிபுணர் 1931-இல் கண்டுபிடிக்க முப்பது ஆண்டுகள் ஆயின.

அடையாளம் காண்பது எப்படி?

ஃபுளோரோசிஸ் இடம், வலம் என இரு பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கும். கோடுகள் பல்லின் குறுக்கே படுக்கையாக ஓடும். ஒரே தண்ணீரைக் குடித்து வளர்ந்த அண்ணன் தம்பிகளிடமும் காணப்படும். ஒரே ஒரு பல்லில் மட்டும் திட்டு இருந்தால், பால்பல்லில் பட்ட அடியோ சீழோ காரணமாக இருக்கலாம். சாம்பல் கலந்த பட்டைகள் தெரிந்தால், சிறு வயதில் டெட்ராசைக்ளின் மாத்திரை கொடுத்தார்களா என்று கேட்க வேண்டும். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தவிர்ப்பது இதனால்தான். இரும்புச் சத்து டானிக்காலும் வெற்றிலையாலும் வரும் கறை மேலே படிவது. சுத்தம் செய்தால் போய்விடும்.

நல்கொண்டா தந்த பாடம்

இந்தியாவில் இந்த நோய் தெரியவந்த இடமே நமக்கு அருகில்தான். 1930-களில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், பொதிலி, தர்சி பக்கத்து விவசாயிகளின் மாடுகள் கால் முடங்கி ஏர் இழுக்க முடியாமல் போயின. மனிதர்களுக்கு வந்த பாதிப்பை ஷார்ட், மக்ராபர்ட் முதலிய மருத்துவர்கள் 1937-இல் விரிவாக எழுதினார்கள்.

ஹைதராபாத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் உள்ள நல்கொண்டா மாவட்டம் அதைவிடப் பெயர் பெற்றுவிட்டது. அங்குள்ள கருங்கல் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. முனுகோடு, மர்ரிகூடா பகுதிகளில் இரண்டு மூன்று தலைமுறை மக்களின் பல் மட்டுமன்றி முதுகும் மூட்டுகளும் பாதிக்கப்பட்டன. குழந்தைகளின் முழங்கால்கள் உட்பக்கம் வளைவதை 1973-இல் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள், நம் தார்னாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து விஞ்ஞானிகள் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசுவாமியும். அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் சிறு ஆய்வாகத் தொடங்கி, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிவந்தது என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி.

படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கி, தெளியவைத்து வடிகட்டி, ஃபுளோரைடைக் குறைக்கும் முறையை நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970-களில் வகுத்தது. அதற்கு 'நல்கொண்டா முறை' என்றே பெயர். 2016-இல் தொடங்கிய மிஷன் பகீரதா திட்டத்தால் ஆற்று நீர் அந்தக் கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இதே காரணத்துக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. ஆனால் வளைந்த முதுகு நிமிரவில்லை; குழி விழுந்த பல் நிறையவில்லை. புதிதாகப் பிறக்கும் குழந்தைகளையே நல்ல தண்ணீர் காப்பாற்றுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

"நாம் நகரத்தில் அல்லவா இருக்கிறோம்?" என்று கேட்கலாம். குழாயில் வரும் கிருஷ்ணா, கோதாவரி, மஞ்சிரா தண்ணீரில் பொதுவாக இந்தப் பயம் இல்லை. ஆனால் நம்மவர் பலர் குடியிருக்கும் புறநகர் அடுக்குமாடிகளில் போர் தண்ணீரும் டாங்கர் தண்ணீரும் கலந்தே ஓடுகின்றன. நம் காலடியில் இருப்பதும் கருங்கல்தான்.

ஆகவே, எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு முறையாவது தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்து ஃபுளோரைடு எவ்வளவு என்று எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 மி.கி. வரை பொறுத்துக்கொள்ளலாம். ருசியும் நிறமும் உங்களுக்கு எதையும் காட்டித்தரா. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது செறியும். சாதாரண மெழுகுவத்தி ஃபில்டரும் யு.வி. ஃபில்டரும் உதவமாட்டா. ஆர்.ஓ., ஊக்குவிக்கப்பட்ட அலுமினா ஆகியவையே அதை நீக்கும்.

தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. பால்பவுடரைப் போர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் பிஞ்சுக் குழந்தைக்கே அளவு மிகுந்துவிடும். பற்பசையில் உள்ள சிறிதளவு ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கும் நண்பன்தான். அதை விழுங்குவதே தவறு. மூன்று வயதுவரை அரிசியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு போதும். துப்பக் கற்றுக்கொடுங்கள்.

புளி, உடலிலிருந்து சிறுநீர் வழியாக ஃபுளோரைடு வெளியேறுவதைக் கூட்டுகிறது என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வுகளே 2002-இலும் 2004-இலும் காட்டின. நம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் பெருமைதான். ஆனாலும் அது நல்ல தண்ணீருக்கு ஈடாகாது. வந்த கறையையும் போக்காது.

கறை ஏற்கெனவே வந்துவிட்டதென்றால்? லேசான வெண்கோடுகளுக்குச் சிகிச்சையே வேண்டாம். பழுப்புக் கறையை மேலாகத் தேய்த்து எடுக்கலாம். ஆழமானதைப் பல்லின் நிறத்துப் பூச்சால் மறைக்கலாம். உப்பு, கரி, எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்க்காதீர்கள். இருக்கும் எனாமலும் தேய்ந்துபோகும். கல்யாணப் பேச்சு வரும்போது சரிசெய்யலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வகுப்பில் கேலிக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பிள்ளைக்கு அத்தனை வருடங்கள் காத்திருக்க முடியாது.

பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் அதை அலமாரியில் வைத்துவிடாமல் மாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதே போர் தண்ணீரைத்தான் பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குழந்தையும், காவல்காரர் மனைவி இடுப்பில் வைத்திருக்கும் கைக்குழந்தையும் குடிக்கின்றன.