உப்பு நீரும் கீசரும்

கேள்வி: வீட்டில் போர் தண்ணீர்தான். கீசரை எப்படிப் பராமரிப்பது?

பதில்: போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் உப்புகள் சூடேறும்போது சுண்ணாம்புப் படிவாகப் பிரிந்து, ஹீட்டிங் காயிலின் மேல் ஓடுபோல் ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் தண்ணீர் சூடாக நேரமாகிறது, மின்கட்டணம் கூடுகிறது, காயிலும் அளவுக்கு மீறிச் சூடேறிக் கருகுகிறது. வெப்பம் கூடக் கூடப் படிவும் வேகமாகச் சேரும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்காதது நல்லது. மிகவும் குறைப்பதும் தவறு. வெதுவெதுப்பாகவே தேங்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகக்கூடும்.

தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியத் தண்டைப் பலர் அறிவதே இல்லை. இரும்பை அரிக்க வேண்டிய நீர் முதலில் இதை அரிக்கிறது. தண்டு கரையும்வரை தொட்டி பிழைக்கிறது. உப்பு மிகுந்த ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கை அழைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, தொட்டியை வடித்து, காயிலைச் சுத்தம் செய்யும்போதே தண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். நடுக்கம்பி தெரியுமளவு தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவதே சிக்கனம். கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டிக்கும் இது பொருந்தும்.

சேஃப்டி வால்வில் தண்ணீர் சூடாகும்போது சில சொட்டுகள் கசிவது இயல்பு. அந்த வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது; அழுத்தம் வெளியேற வழியின்றித் தொட்டி வெடிக்கும் அபாயம் உண்டு. எர்த் இணைப்பையும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி-யின் டெஸ்ட் பொத்தானையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.