காய்ந்த திராட்சையும் ஊறிப்போன நம்பிக்கைகளும்

இத்தாலியின் வெரோனா நகரை ஒட்டிய வால்போலிசெல்லா பகுதியில் ‘அமரோனே’ என்ற சிவப்பு வைன் தயாராகிறது. திராட்சையைக் காயவைத்துப் பிழிகிறார்கள் என்று கேட்டதுமே, பாயசத்தில் போடும் உலர் திராட்சையை நினைத்துக்கொண்டு, அது தித்திக்கும் பானம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

உண்மை வேறு. கொர்வினா, ரொண்டினெல்லா முதலிய பழங்களைப் பறித்து, காற்றோட்டமான பரண்களில் சுமார் மூன்று மாதம் உலர்த்துகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து, சர்க்கரை செறிவாகிறது. அதில் பெரும்பகுதியை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றிவிடுவதால் மிஞ்சும் இனிப்பு சொற்பம். ஆல்கஹாலோ 14 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. நொதித்தலைப் பாதியில் நிறுத்தினால் கிடைக்கும் ‘ரெச்சோத்தோ’தான் இனிப்பானது.

1936இல் ஒரு பீப்பாய் மறந்துபோனதால் அமரோனே பிறந்தது என்ற கதையும் உலவுகிறது. ஆனால் வெரோனா வட்டாரத்தில் திராட்சையை உலர்த்திக் குளிர்காலத்தில் பிழியும் வழக்கத்தை 6ஆம் நூற்றாண்டிலேயே காசியோடோரஸ் என்ற அரசு அதிகாரி எழுதிவைத்திருக்கிறார்.

கடையில் வாங்கும் உலர் திராட்சையை ஊறவைத்தால் அமரோனே வந்துவிடாது. அந்தத் திராட்சையில் ஈரம் 15 சதவீதம் அளவுக்கே இருக்கும். அமரோனேப் பழத்திலோ பிழியும் நாளிலும் சாறு உண்டு. காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் பரண் கட்டிக் காயவைக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. இத்தாலியில் பழம் காயும் மாதங்களில்தான் இங்கே வடகிழக்குப் பருவமழை. தெருவில் பாவு நீட்டும் நெசவாளர்களைக் கேட்டால் அந்த ஈரத்தின் தொல்லையைச் சொல்வார்கள். பழம் பூசணம்தான் பிடிக்கும்.

இதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று நினைப்பதுதான் பெரிய தவறு. காஞ்சிபுரம் நாட்டு மருந்துக் கடைகளில் திராட்சாரிஷ்டம் கேட்டுப் பாருங்கள். உலர் திராட்சையைக் கஷாயமாகக் காய்ச்சி, வெல்லமும் ஏலம், மிளகு, திப்பிலி போன்ற சரக்குகளும் சேர்த்து, வாரக்கணக்கில் நொதிக்கவிட்டுத் தயாரிக்கும் ஆயுர்வேத மருந்து அது. காட்டாத்திப்பூ சேர்ப்பதும் உண்டு. ‘மருந்துதானே, இதில் போதை எங்கே?’ என்று பசிக்கும் இருமலுக்கும் வீட்டில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஆல்கஹால் கலப்பதில்லை என்பது சரிதான். ஆனால் வெல்லமும் திராட்சையும் நொதிக்கும்போது அது தானாகவே உண்டாகிறது. அரிஷ்டங்களில் பொதுவாக 5 முதல் 12 சதவீதம் வரை. மூலிகைச் சத்தை இழுத்து எடுப்பதும், மருந்து கெடாமல் காப்பதும் அந்த ஆல்கஹால்தான். வைத்தியர் சொல்லும் அளவு சிறியது என்பதால் போதை தெரிவதில்லை, அவ்வளவே.

சிவப்பு வைன் குடித்தால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. உடல்நலத்துக்குக் கேடில்லாத மது அளவு என்று எதுவுமே கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது.

அரிஷ்டம் வாங்கும்போது பாட்டில் சீட்டில் ஆல்கஹால் அளவைப் படியுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், கல்லீரல் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ளவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.